பேக்லிங்க்கால் ரேங்க் விழுந்ததா? டிஸ்அவோ ஃபைலைத் தொடும் முன்

கூகுள் தேடலில் தளத்தின் நிலவரத்தைக் காட்டும் சர்ச் கன்சோலில் கிளிக் கோடு சரிந்ததும், பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு) தான் காரணம் என்று பலர் ஏதாவது ஒரு எஸ்இஓ (தேடலில் தளத்தை முன்னேற்றும் வேலை) கருவியில் ‘டாக்சிக் லிங்க்’, அதாவது கெட்ட லிங்க், பட்டியலை இறக்கி, ‘இவற்றைக் கணக்கில் எடுக்காதே’ என்று சொல்லும் டிஸ்அவோ ஃபைலாக அதை அப்படியே கூகுளிடம் ஏற்றிவிடுகிறார்கள். அந்த ‘டாக்சிக்’ மதிப்பெண் கருவிக்காரர்கள் தாங்களே போட்ட கணக்கு. கூகுளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்களைத் தாங்கி நிற்கும் நல்ல லிங்க் நாலைந்து அதில் சிக்கியிருந்தால், குப்பையைக் கூட்டப்போய்க் கோலத்தையும் அழித்த கதைதான்.

2012 ஏப்ரலில் ஸ்பேம் லிங்க்குகளுக்கு எதிரான கூகுளின் பெங்குவின் அப்டேட் வந்தபோது கெட்ட லிங்க்குகள் தளத்தையே கீழே இழுத்தன. அந்த அக்டோபரில் டிஸ்அவோ வசதி வந்தது. 2016 செப்டம்பரில் வெளியான பெங்குவின் 4.0 முதல், பெரும்பாலும் ஸ்பேம் லிங்க்கின் மதிப்பு மட்டுமே கழிக்கப்படுகிறது. யாரோ போட்டியாளர் ஆயிரம் சூதாட்டத் தளங்களிலிருந்து லிங்க் அடித்தாலும் பொதுவாக அவை கணக்கில் சேராமல் போய்விடும். அவற்றைக் கண்டு பதறத் தேவையில்லை.

ஆகவே முதலில் காரணத்தை உறுதிசெய்யுங்கள். சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்‌ஷன்ஸ் பக்கத்தை (கூகுள் ஊழியர்கள் பார்த்து விதிக்கும் தண்டனைகள் இங்கே தெரியும்) திறந்து, ‘அன்நேச்சுரல் லிங்க்ஸ் டு யுவர் சைட்’ (உங்கள் தளத்துக்குச் செயற்கையான லிங்க்குகள்) என்ற அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்டில் சரிவு தொடங்கிய தேதியைக் கூகுளின் அப்டேட் தேதிகளோடு ஒப்பிடுங்கள். 16 மாதத் தரவு அங்கே இருக்கும். கோர் அப்டேட்டில் (கூகுள் தன் தரவரிசை முறையைப் பெரிதாக மாற்றும் அப்டேட்) விழுந்த தளத்தை டிஸ்அவோ தூக்கிவிடாது. தவறுதலாகச் சேர்ந்த நோஇண்டெக்ஸ் (பக்கத்தைத் தேடலில் காட்டாதே என்ற குறி), ரீடைரக்ட் (பழைய முகவரியிலிருந்து புதியதற்கு அனுப்பும் வழி) இல்லாமல் மாற்றிய யூஆர்எல் போன்றவற்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று: நீங்கள் உருவாக்கவே உருவாக்காத பக்கங்களுக்கு, ஜப்பானிய எழுத்திலோ மருந்துப் பெயர்களிலோ லிங்க் வருகிறதென்றால் தளம் ஹேக் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். முதலில் ஓட்டையை அடைத்துவிடுங்கள், அந்தப் பக்கங்களை நீக்கி 404 அல்லது 410 (பக்கம் இல்லை என்ற பதில்) வரச் செய்யுங்கள்.

மேனுவல் ஆக்‌ஷன் இருந்தாலோ, நீங்களோ உங்களுக்காக முன்பு வேலை பார்த்த ஏஜென்சியோ காசு கொடுத்து வாங்கிய லிங்க்குகளால் அது வரக்கூடும் என்று தெரிந்தாலோதான் அடுத்த வேலை. லிங்க்ஸ் ரிப்போர்ட்டில் ‘எக்ஸ்போர்ட் எக்ஸ்டர்னல் லிங்க்ஸ்’ அழுத்தி, ‘லேட்டஸ்ட் லிங்க்ஸ்’ பட்டியலை இறக்குங்கள். டொமைன் வாரியாக அடுக்கி, கண்ணால் திறந்து பாருங்கள். வேறு வழியில்லை, அலுப்பான வேலைதான். ஒரே ஆங்கர் டெக்ஸ்ட் (லிங்க்கைத் தாங்கிய சொற்கள்), அதுவும் ‘குறைந்த விலை ஹோட்டல் மதுரை’ மாதிரி வணிகச் சொல், சம்பந்தமே இல்லாத பத்துத் தளங்களில் திரும்பத் திரும்ப வந்தால் அது வாங்கியது. தளத்தின் எல்லாப் பக்க ஃபுட்டரிலும் ஒட்டிய லிங்க்கும், எதைப் பற்றியும் எழுதும் கெஸ்ட் போஸ்ட் (வெளியாரின் பதிவுகளைப் போடும்) தளங்களும் அதே வகை. உங்கள் நிறுவனப் பெயரையோ வெறும் யூஆர்எல்லையோ ஆங்கராகக் கொண்டவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடலாம்.

வாங்கியவற்றை நீக்கச் சொல்லி அந்தத் தளக்காரர்களுக்கு மெயில் அனுப்புங்கள்; லிங்க்கில் நோஃபாலோ (பின்தொடராதே) அல்லது ஸ்பான்சர்ட் (காசு கொடுத்தது) என்ற குறியைச் சேர்த்தாலும் போதும். யாருக்கு, எந்தத் தேதியில் அனுப்பினோம், என்ன பதில் என்று ஒரு ஷீட்டில் குறித்துவையுங்கள். நீக்கப் பணம் கேட்பவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். அவர்களை நேரே டிஸ்அவோவில் போடுங்கள்.

ஃபைல் சாதாரண டெக்ஸ்ட் வகையில், யூடிஎஃப்-8 குறிமுறையில் இருக்க வேண்டும். அதிகபட்சம் 2 எம்பி, 1,00,000 வரி. வரிக்கு ஒரு டொமைன்: ஆங்கிலச் சிறிய எழுத்தில் ‘டொமைன்’ என்ற சொல், முக்காற்புள்ளி, இடைவெளி இல்லாமல் தளப்பெயர். தனி யூஆர்எல்லாகப் போட்டால் அதே தளத்தின் மற்றப் பக்கங்களிலுள்ள லிங்க் தப்பிவிடும். டிஸ்அவோ பக்கம் சர்ச் கன்சோல் மெனுவில் இருக்காது. தேடித்தான் போக வேண்டும். சர்ச் கன்சோலில் முழு டொமைனையும் சேர்த்துப் பதிந்த டொமைன் ப்ராபர்ட்டியை அது ஏற்காது, குறிப்பிட்ட முகவரித் தொடக்கத்தைக் கொண்டு பதிந்த யூஆர்எல்-ப்ரிஃபிக்ஸ் ப்ராபர்ட்டி வேண்டும். புதிய ஃபைல் ஏற்றினால் பழையது முழுதாகப் போய்விடும். இது தெரியாமல் புதிய வரிகளை மட்டும் ஏற்றி, பழைய பட்டியலை இழப்பவர்கள் நிறைய. (பிங்கில் இந்த வேலையே இல்லை, 2023-லேயே தன் கருவியை எடுத்துவிட்டது.)

மேனுவல் ஆக்‌ஷன் இருந்தால் ரீகன்சிடரேஷன் ரிக்வெஸ்ட் (மறுபரிசீலனைக் கோரிக்கை) அனுப்புங்கள்: என்ன தவறு நடந்தது, எதை நீக்கினீர்கள், ஷீட்டின் இணைப்பு. ஏஜென்சி வாங்கியிருந்தாலும் நடந்ததை ஒளிக்காமல் எழுதுங்கள். பதில் வரச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் ஆகும். அதற்குள் மறுபடி அனுப்பாதீர்கள். ‘இன்னும் லிங்க் இருக்கிறது’ என்று மாதிரி காட்டி நிராகரித்தால், அந்த மாதிரியை மட்டும் நீக்காமல் அதே வகை லிங்க் எல்லாவற்றையும் தேடுங்கள்.

அறிவிப்பு நீங்கியதும் பழைய முதலிடம் அப்படியே திரும்பும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடாதீர்கள். அந்த இடத்தில் ஒரு பங்கு வாங்கிய லிங்க் கொடுத்தது. அது இனி வராது. டிஸ்அவோ ஃபைலையும் நீக்காதீர்கள், நீக்கினால் அந்த லிங்க்குகள் மறுபடி கணக்கில் வரும்.