வளர்ச்சிக் காரணியும் புற்றுநோயும்: புரிதலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செல்களின் வளர்ச்சியையும் பெருக்கத்தையும் நெறிப்படுத்தும் புரதங்களே வளர்ச்சிக் காரணிகள். பெயரிலேயே வளர்ச்சி இருப்பதால், இவை அனைத்தும் கட்டியை ஊட்டி வளர்ப்பவை என்று முடிவுகட்டுவதே முதல் தவறு. காயம் ஆறுவதும் தோல் புதுப்பிக்கப்படுவதும் இவற்றால்தான். இவற்றைக் கண்டறிந்ததற்காகவே ஸ்டான்லி கோஹனும் ரீட்டா லெவி-மொன்டால்சினியும் 1986-இல் நோபல் பரிசு பெற்றனர்.

காரணியின் அளவு கூடினால்தான் புற்றுநோய் வரும் என்பதும் சரியன்று. பல கட்டிகளில் கோளாறு இருப்பது, காரணியைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியிலோ, அதன் சமிக்ஞையைச் செல்லுக்குள் கடத்தும் புரதத்திலோதான். அத்தகைய கடத்தும் புரதம் ஒன்றுக்கான கேராஸ் மரபணு பிறழ்ந்த பெருங்குடல் புற்றுநோயில், செல்லின் மேற்பரப்பிலுள்ள, இஜிஎஃப் என்னும் வளர்ச்சிக் காரணிக்கான ஏற்பியை செட்டுக்ஸிமாப் மருந்தால் அடைத்தாலும், 'பெருகு' என்னும் கட்டளை உள்ளே ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஆகவேதான் அம்மருந்தைத் தொடங்குமுன் மரபணுப் பரிசோதனை செய்கிறார்கள்.

மிகுதியாகக் குழப்புவது டிஜிஎஃப்-பீட்டா என்னும் வளர்ச்சிக் காரணி. இதை நல்லது, கெட்டது என்று ஒரே சொல்லில் அடக்க முயல்வோர் தவறாமல் வழுக்கி விழுகிறார்கள். தொடக்கத்தில் செல் பிரிதலைத் தடுத்துக் கட்டியை அடக்குவதும் இதுவே; செல்கள் அந்தத் தடைக்குக் கட்டுப்படாத நிலையை எட்டிய பிறகு, அவை இடம்பெயர்ந்து பரவத் துணைபோவதும், புற்றுச் செல்களை அழிக்கும் வெள்ளணுக்களான டி செல்களின் கொல்லும் திறனை மழுங்கடிப்பதும், நோயெதிர்ப்பை அடக்கும் ஒழுங்காற்று டி செல்களைப் பெருக்குவதும் இதுவே. எந்தக் கட்டத்தில், எந்தச் செல்லிடம் என்று கேட்காமல் இதைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது.

ரத்தக் குழாய்களை வளர்க்கும் விஇஜிஎஃப் காரணியை வெறும் உணவு வழங்குநராகப் பார்ப்பது இன்னொரு குறை. கட்டி வளரப் புதிய ரத்தக் குழாய்கள் தேவை என்று அமெரிக்க மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-இல் முன்வைத்த கருத்து இன்றும் நிற்கிறது. ஆயினும் இக்காரணி, எதிரியை அடையாளம் காட்டும் டெண்ட்ரிடிக் செல்கள் முதிர்வதையும் தடுக்கிறது. அது உருவாக்கும் கோணலான, கசியும் குழாய்களின் வழியே டி செல்கள் கட்டிக்குள் நுழைவதும் கடினம். கல்லீரல் புற்றுநோய்க்கு, இக்காரணியைத் தடுக்கும் பெவாசிஸுமாப் மருந்தை அட்டெசோலிஸுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்துடன் இணைத்துத் தரும் சிகிச்சை 2020-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றதன் பின்னணியில் இந்தப் புரிதலும் உண்டு.

கீமோதெரபிக்குப் பிறகு போடப்படும் ஜி-சிஎஸ்எஃப் ஊசியை, அதுவும் வளர்ச்சிக் காரணிதானே என்று அஞ்சித் தாமாகவே மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அது எலும்பு மஜ்ஜையைத் தூண்டி நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களைப் பெருக்கி, கிருமித்தொற்று அபாயத்தைக் குறைக்கிறது. ஐயம் இருந்தால், ஊசியைத் தவிர்ப்பதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.