இந்தோனேசியக் காட்டு ஊருல ஆராய்ச்சி பண்ணப் போறீங்களா? ஊருக்கும் பிரயோஜனப்படற மாதிரி பண்றது எப்படி

பாரஸ்ட்ரி, சுற்றுச்சூழல், மானுடவியல்னு எதுல பிஎச்டி பண்றவங்களா இருந்தாலும் சரி, என்ஜிஓ ப்ராஜெக்ட்ல போறவங்களா இருந்தாலும் சரி, கலிமந்தான் இல்லன்னா சுமத்ரா பக்கம் ஒரு ஊருக்குப் போய் மாசக்கணக்குல தங்கி, அவங்க சோத்தத் தின்னு, அவங்களையே வழிகாட்டியா வச்சு டேட்டா எல்லாம் அள்ளிட்டு வந்து, பேப்பர் போட்டு பட்டமும் வாங்கினப்புறம் அந்த ஊருக்கு ஒரு துண்டுச் சீட்டு கூட திரும்பப் போறதில்லங்கறது ரொம்ப சகஜமா நடக்குது. இது சரியில்ல. மாத்தறதும் பெரிய கஷ்டம் கிடையாது, ஆனா கிளம்பறதுக்கு முன்னாடியே யோசிச்சிருக்கணும், கடைசி வாரத்துல யோசிச்சா வேலைக்காவாது.

முதல்ல அந்த ஊர்க்காரங்களோட பெரிய தலைவலி என்னன்னு தெரிஞ்சுக்கங்க. தாத்தா காலத்துலேர்ந்து அவங்க பொழங்கற காடு அரசாங்க மேப்புல 'காவாசான் ஹுத்தான்', அதாவது அரசு வனப்பகுதின்னு இருக்கும். 2013 மே மாசம் அரசியல் சாசனக் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு (வழக்கு எண் 35/2012, அங்க எல்லாரும் 'எம்கே 35'ன்னே சொல்வாங்க), பாரம்பரிய சமூகங்களோட காடு அரசுக் காடு இல்லன்னு. ஆனா தீர்ப்பு வந்த உடனே யார் கைக்கும் காடு வந்துடல, முதல் ஒன்பது சமூகங்களுக்கு அங்கீகாரம் கிடைச்சதே 2016 டிசம்பர்லதான். இது தவிர சமூக வனம்னு ஒரு திட்டம் இருக்கு, 'பெர்ஹுத்தானான் சோசியால்', மொத்தம் 1 கோடியே 27 லட்சம் ஹெக்டேர் இலக்கு, அதுல ஊர் காடு, சமூகக் காடு, பாரம்பரியக் காடு எல்லாம் சேர்த்து அஞ்சு வகை. பாரம்பரியக் காடு தனிக் கணக்கு, மத்ததுல பெரும்பாலும் 35 வருஷ அனுமதி. இதுக்கு அப்ளை பண்ண என்ன கேப்பாங்க தெரியுமா? மேப், உறுப்பினர் பட்டியல், அந்த இடத்தோட நிலம், சமூகம், பொருளாதாரம், காட்டு வளம் பத்தின விவரணை. நல்லா பாருங்க, இதுல முக்கால்வாசி நீங்க எப்படியும் தீசிஸ்க்கு சேகரிக்கப் போற விஷயம்தான்!

அதனால முதல் வேலை, உங்க ஆராய்ச்சி முடிவு ஊர்க்காரங்க கையில எந்த ஆபீஸுக்கு, எந்த மீட்டிங்குக்கு போகப் போகுதுன்னு முடிவு பண்றது. அது தெரிஞ்சாதான் என்ன அளக்கணும், எந்த வடிவத்துல எழுதணும்னு தெரியும்.

சுமத்ராவோட லம்புங் மாகாணத்துல க்ருய்னு ஒரு கடலோரப் பகுதி, அங்க நடந்தத ஒவ்வொரு மாணவரும் படிக்கணும்னு நான் சொல்வேன். அங்க டாமர் தோட்டம் இருக்கு, ஷோரியா ஜவானிக்கா மரத்துலேர்ந்து எடுக்கற பிசின், நம்ம குங்கிலியம் வகையறான்னு வச்சுக்கங்க. தூரத்துலேர்ந்து பாத்தா அசல் மழைக்காடு மாதிரியே இருக்கும். ஆனா அது அந்த ஜனங்க காட்டத் திருத்தி நெல்லு போட்டு, அப்புறம் காபி, மிளகு, அதுக்கு நடுவுல டாமர் கன்னுன்னு நட்டு, இருபது இருபத்தஞ்சு வருஷம் காத்திருந்து உருவாக்கினது. ரத்தான் பெல்ட்டக் கட்டிக்கிட்டு மரத்துல ஏறி, தண்டுல முக்கோணமா வெட்டி வச்ச குழிகள்லேர்ந்து பிசின சுரண்டி எடுப்பாங்க. அரசாங்க மேப்புல இதுல பெரும்பகுதி அரசுக் காடு. ஆராய்ச்சியாளருங்க போய் மரத்த எண்ணி, இனங்களப் பட்டியல் போட்டு, இது மனுஷன் நட்ட காடுதான், இதுல வருமானமும் இருக்கு உயிர்ப்பன்மையும் இருக்குன்னு நிரூபிச்சாங்க, ஊர்க்காரங்களும் உள்ளூர் அமைப்புகளும் அதக் கையில வச்சுக்கிட்டுப் பேசினாங்க, 1998 ஜனவரியில வன அமைச்சர் சுமார் 29,000 ஹெக்டேருக்கு தனி அந்தஸ்து குடுத்தார். மரத்த எண்ணின ஒரு டேபிள் எவ்வளவு தூரம் போகும்னு பாருங்க.

சரி, கேள்வி எங்கேர்ந்து வரணும்? ப்ரொபோசல் எழுதறதுக்கு முன்னாடியே ஒரு தடவ ஊருக்குப் போய் சும்மா உக்காருங்க. கேள்வித்தாள் வேண்டாம், ரெக்கார்டர் வேண்டாம். காபிக் கடையில உக்காந்தாலே பாதி விஷயம் காதுல விழும். மேற்கு கலிமந்தான்ல குனுங் பாலுங் தேசியப் பூங்கா ஓரத்துல சுக்காடானான்னு ஒரு ஊரு, அங்க ஆஸ்ரின்னு ஒரு அமைப்பு 2007லேர்ந்து வேலை செய்யுது, அவங்க ஜனங்ககிட்ட மரம் வெட்டாதீங்கன்னு உபதேசம் பண்ணாம, வெட்டாம இருக்கணும்னா உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டாங்க. வந்த பதில் கைக்கு எட்டற வைத்தியம், அப்புறம் ஆர்கானிக் விவசாயப் பயிற்சி. ஆஸ்பத்திரி கட்டினாங்க, காசு இல்லாதவங்க மரக்கன்னோ சாணமோ குடுத்து பில்லக் கட்டலாம். பத்து வருஷ டேட்டாவ வச்சு 2020ல வந்த ஆய்வுல, ஒப்பிட்டுப் பாத்த மத்த பூங்காக்கள விட இங்க காடழிப்பு சுமார் 70 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. கேள்விய ஊரு கேட்டா காட்டுக்கும் நல்லது நடக்குதுன்னு இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

பர்மிட் விஷயம் சுருக்கமா. வெளிநாட்டுக்காரங்களுக்கு ஆராய்ச்சி அனுமதி இப்ப ப்ரின்ங்கற தேசிய ஆராய்ச்சி ஏஜென்சி வழியாத்தான், நெறிமுறை அனுமதி வேணும், உள்ளூர் பார்ட்னர் நிறுவனம் கட்டாயம், 2019ல வந்த 11ஆம் எண் சட்டப்படி மண்ணு, இலை, பூச்சின்னு எந்த சாம்பிளும் மெட்டீரியல் ட்ரான்ஸ்பர் ஒப்பந்தம் இல்லாம நாட்ட விட்டு வெளிய போகக்கூடாது. தேசியப் பூங்காவுக்குள்ள கால் வைக்க 'சிமாக்சி'ன்னு தனிச் சீட்டு. பார்ட்னர பேருக்கு வச்சுக்காதீங்க, நீங்க போனப்புறம் ஊர்க்காரங்க போன் அடிச்சா எடுக்கப் போறது அவங்கதான்.

ஆனா ஜகார்த்தா பர்மிட் வேற, ஊரோட சம்மதம் வேற. 'படியாதாபா'ன்னு சொல்வாங்க, முன்கூட்டியே தகவல் குடுத்து, கட்டாயப்படுத்தாம வாங்கற சம்மதம். கெபாலா டேசா, அதாவது ஊர்த் தலைவர், கையெழுத்துப் போட்டா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, பாரம்பரியத் தலைவரையும் தனியா பாருங்க, அப்புறம் ஊர்க்கூட்டம், அதுக்கப்புறம் பொம்பளைங்ககூட தனியா ஒரு கூட்டம், ஏன்னா பொதுக்கூட்டத்துல பெரும்பாலும் ஆம்பளைங்கதான் பேசுவாங்க, மருந்துச் செடியும் சமையல் கீரையும் கூடை பின்ற பிரம்பும் எங்க கிடைக்கும்னு தெரிஞ்சவங்க பின்னாடி உக்காந்திருப்பாங்க. வேணாம்னு சொல்ற உரிமை அவங்களுக்கு உண்டுங்கறத வாய்விட்டுச் சொல்லுங்க. விதைப்பு, அறுவடை, நோன்புப் பெருநாள் சமயத்துல சர்வே வைக்காதீங்க. மலேசியாவுல வளர்ந்து மலாய் தெரிஞ்சவங்களும் இந்தோனேசிய பாஷைய தனியா கத்துக்கிட்டுப் போறது நல்லது, உள்ள போகப் போக ஊருக்கு ஒரு பாஷை வேற இருக்கு.

இப்ப ஒரு முறைய விவரமா சொல்றேன், செலவே இல்லாதது. பொகோர்ல இருக்கற சிஃபோர்ங்கற சர்வதேச வன ஆராய்ச்சி நிறுவனம் (1993ல ஆரம்பிச்சது) 1999, 2000 வாக்குல வட கலிமந்தான் மாலினாவுல மெராப், புனான் ஜனங்களோட ஊர்கள்ல பயன்படுத்தினது, கூழாங்கல் முறை. நூறு கல்லோ, சோள விதையோ, பட்டனோ எடுத்துக்கங்க. ஆத்தங்கரை, பழைய தரிசு, வெட்டாத காடு, வெட்டின காடு, தோட்டம்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு அட்டை, எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரி படம் போட்டு தரையில பரப்புங்க. வயசான ஆம்பளைங்க, இளைஞர்கள், வயசான பொம்பளைங்க, இளம் பொண்ணுங்கன்னு நாலு குழுவா பிரிச்சு உக்கார வச்சு, 'உங்களுக்கு எது எவ்வளவு முக்கியமோ அந்த அளவுக்கு கல்லப் பிரிச்சு வைங்க'ன்னு சொல்லிட்டு நீங்க வாய மூடிக்கிட்டு உக்காரணும். அடுத்து அதே நூறு கல்ல சாப்பாட்டுக்கு, மருந்துக்கு, வீடு கட்ட, விக்கறதுக்குன்னு தனித்தனியா வைக்கச் சொல்லுங்க. கல்ல ஒரு அட்டைலேர்ந்து இன்னொண்ணுக்கு நகத்தும்போது அவங்களுக்குள்ள ஒரு வாக்குவாதம் வரும் பாருங்க, அதுதான் தங்கம், எண்ணிக்கைய விட அத எழுதிக்கங்க. மாலினாவுல வெட்டாத காட்டுக்குத்தான் அதிக மதிப்பு விழுந்துச்சு. இன்னொண்ணும் வெளிய வந்துச்சு, மரம் வெட்டின கம்பெனிங்க அடிச்செடி கொடியெல்லாம் வெட்டி சுத்தம் பண்ணணும்னு அப்ப விதி இருந்துச்சு, ஊர்க்காரங்க அன்றாடம் நம்பியிருந்த செடிகளே அதுல போச்சு. ஜனங்ககிட்ட கேக்காம போட்ட விதி அப்படித்தான் இருக்கும்.

பீட் நிலத்துல, அதாவது மக்கின தாவரம் அடுக்கடுக்கா சேந்த சதுப்புல, வேலை செய்யறவங்களுக்கு இன்னொரு வழி. 2015 தீயில சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிஞ்சுது, உலக வங்கி போட்ட நஷ்டக் கணக்கு 1,600 கோடி டாலர், அதுக்கு முக்கியமான காரணம் கால்வாய் வெட்டி பீட்ட காய விட்டது. பக்கவாட்டுல ஓட்டை போட்ட பிவிசி குழாய் ஒண்ண செங்குத்தா இறக்கி வச்சு, டேப்ப விட்டுப் பாத்தா நிலமட்டத்துலேர்ந்து தண்ணி எத்தன சென்டிமீட்டர் கீழ இருக்குன்னு தெரியும், மேல நீட்டிக்கிட்டு இருக்கற குழாயோட நீளத்த மட்டும் கழிச்சுடுங்க. சாகுபடி பண்ற பீட்டுக்கு அரசு விதி 40 சென்டிமீட்டர், அதுக்குக் கீழ இறங்கினா சேதம்னு கணக்கு. இத சென்சார் வச்சு உங்க லேப்டாப்புக்கு மட்டும் வர வைக்காம, ஊருல ரெண்டு மூணு பேர்கிட்ட டேப்பையும் நோட்டையும் குடுத்து எழுத வைங்க. கோடையில தண்ணி எறங்குதுன்னா கால்வாய்த் தடுப்ப அவங்களே சரி பார்ப்பாங்க, பக்கத்து ப்ளான்டேஷன்ல தண்ணிய வடிக்கறாங்கன்னு புகார் குடுக்கவும் தேதிபோட்ட ரெக்கார்டு கையில இருக்கும்.

மேப் போடறதுல ரொம்ப ஜாக்கிரதை. ரெண்டு ஊர் எல்லைய ஒரு ஊர்க்காரங்கள மட்டும் கூட்டிட்டுப் போய் ஜிபிஎஸ்ல குறிச்சீங்கன்னா நீங்க திரும்பி வந்தப்புறம் அங்க சண்டை நடக்கும், ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் சேந்து நடந்து, அன்னைக்கே எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். அகில் மரம் எங்க இருக்கு, ஹார்ன்பில் எங்க கூடு கட்டுதுங்கற புள்ளிய எந்தக் காரணத்துக்காகவும் பேப்பர்ல போடாதீங்க, திருடறவங்களுக்கு அது வழிகாட்டி. புனித இடங்கள் மேப்புல வரணுமா வேண்டாமாங்கறத ஊருதான் சொல்லணும்.

கூலி விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம். உங்ககூட வர்றவருக்கு அன்னைக்கு ரப்பர் பால் வடிக்கற வருமானம் போச்சு, அதுக்குக் குறையாம ரூப்பியாவ அன்னன்னைக்கே குடுத்துடுங்க. தலைவரோட சொந்தக்காரங்களே தினமும் வராம முறை வச்சு மாத்துங்க. செடிப் பேரெல்லாம் சொல்லிக் குடுத்தவர் விரும்பினா பேப்பர்ல ஆசிரியரா போடுங்க, நன்றிப் பக்கத்துல ஒரு வரி பத்தாது.

முடிவத் திருப்பிக் குடுக்கறதுக்கு காலண்டர் முக்கியம். அடுத்த வருஷத்து ஊர்த் திட்டத்த ஜூலைல ஆரம்பிச்சு செப்டம்பர்க்குள்ள முடிப்பாங்க, டேசா நிதி, அதாவது ஊருக்கு அரசு குடுக்கற பணம், எதுக்குப் போகணும்னு அங்கதான் முடிவாகுது, நர்சரிக்கோ கால்வாய்த் தடுப்புக்கோ காசு வேணும்னா உங்க நாலு பக்கச் சுருக்கம் அதுக்கு முன்னாடியே இந்தோனேசிய பாஷைல அவங்க கையில இருக்கணும். பெரிய மேப் ஒண்ண லேமினேட் பண்ணி ஊர் மண்டபத்துல மாட்டுங்க, அதோட டிஜிட்டல் ஃபைல ஊர் ஆபீஸ்லயும், ஊரு சம்மதிச்சா வனத்துறையோட கேபிஹா, அதாவது வன மேலாண்மைப் பிரிவு, ஆபீஸ்லயும் குடுங்க. முதல்ல ஊர்க்கூட்டத்துல வாசிச்சுக் காட்டுங்க, தப்புன்னு சொல்றத திருத்துங்க, அப்புறம் ஜர்னலுக்கு அனுப்புங்க. இந்த ரெண்டாவது பயணத்துக்கான டிக்கெட், மொழிபெயர்ப்பு, பிரின்ட் செலவு எல்லாத்தையும் முதல் நாள் ப்ரொபோசல் பட்ஜெட்லயே தனி வரியா போட்டுடுங்க, கைடு வெட்டச் சொன்னா லேப் செலவுல ஏதாவது குறைச்சுக்கங்க, இதுல கை வைக்க விடாதீங்க.