அம்மாவோட இருந்து 'ட்விங்கிளிங் வாட்டர்மெலன்' பாக்கிறது எப்பிடி

இந்தக் கொரிய நாடகத்தை நான் முதல் தனியத்தான் பாத்தனான், இரவில ஹெட்செட் போட்டுக்கொண்டு பாயில படுத்துக் கிடந்து ஒரு கிழமையில 16 எபிசோடும் முடிச்சிட்டன், முடிச்ச உடன வந்த முதல் யோசினை இதை அம்மாவுக்குக் காட்டோணும் எண்டுதான். அம்மாவுக்குக் கொரியனும் தெரியாது, கீழ வாற இங்கிலிஷும் வாசிக்க ஏலாது. ஆனாலும் காட்டினன், முழுசாப் பாத்தவ. உங்களுக்கும் ஆசை இருந்தா நான் செய்ததைச் சொல்லுறன்.

முதல் கதையைக் கொஞ்சம் விளங்கப்படுத்துறன். 2023ல டிவிஎன் எண்ட தென்கொரிய டிவி சானலில வந்தது. ஊன் கியோல் எண்டு ஒரு பெடியன், அவன்ர அம்மா, அப்பா, அண்ணா மூண்டு பேருக்கும் காது கேக்காது, இவனுக்கு மட்டும் கேக்கும், அதால சின்னனில இருந்தே வீட்டுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில நிண்டு மொழிபெயர்க்கிறது இவன்தான். பகலில நல்லாப் படிக்கிற பிள்ளை, இரவில வீட்டுக்குத் தெரியாமல் பேண்ட் ஒண்டில கிட்டார் வாசிக்கிறான். ஒருநாள் ஒரு இசைக்கருவிக் கடைக்குள்ள போய் வெளிய வாறான், வந்தா 1995ஆம் ஆண்டு. அங்க அவன்ர வயசில அவன்ர அப்பா நிக்கிறார், காது நல்லாக் கேக்குது, வாய் ஓயாமல் கதைக்கிறார். கையால மட்டும் கதைக்கிற அப்பாவோட வளந்தவன் அந்தக் குரலைக் கேட்டு அப்பிடியே நிக்கிற இடம் இருக்கே, எனக்கு இந்த நாடகத்தில உயிர் அதுதான். அந்த அப்பாப் பெடியன் யீ சான், செலோ எண்ட பெரிய வயலின் மாதிரி ஒண்டை வாசிக்கிற செ கியோங் எண்ட பெட்டையை மடக்கத்தான் பேண்ட் தொடங்குறான், கிட்டார் ஒழுங்கா வாசிக்கவும் வராது. மகன் போய் அதே பேண்டில சேந்து அப்பாவோட கூட்டாளி ஆகிறான். அப்பாவும் மகனும் "டேய்" எண்டு கதைச்சு அடிபட்டு ஒரே வீட்டில சாப்பிட்டுத் திரியினம், இப்பிடி ஒரு கூட்டுக்காரத்தனத்தை நான் வேற ஒரு நாடகத்திலயும் பாக்கேல்ல.

இப்ப காட்டுற விதத்துக்கு வாறன். இரவு டேட்டா இருந்தா இரண்டு எபிசோட்டை முதலே இறக்கி வையுங்கோ, நாங்கள் இருக்கிற வன்னியில விசுவமடுப் பக்கம் மழை இருட்டினாலே சிக்னல் போயிடும், அழுற இடத்தில வந்து சுத்திக்கொண்டு நிண்டா எல்லாம் போச்சு. ஒரு எபிசோட் ஒரு மணித்தியாலத்துக்கு மேல போகும், அதால இரவுச் சாப்பாடு முடிஞ்சு அடுப்படி வேலை எல்லாம் ஓஞ்ச பிறகுதான் தொடங்கோணும், இல்லாட்டி அம்மா பாதியில எழும்பிப் பால் கொதிக்குதோ எண்டு பாக்கப் போயிடுவா.

பேர் சொல்லிக் குடுக்க வெளிக்கிடாதேங்கோ. ஊன் கியோல், யீ சான், செ கியோங் எண்டு சொல்ல அம்மா "ஆரடி அது, எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு" எண்டு களைச்சுப் போனா. நான் பிறகு "மகன் பெடியன்", "குட்டி அப்பா", "குட்டி அம்மா" (1995ல இளசா இருக்கிற அவன்ர அம்மா), "செலோக்காரி" எண்டு மாத்தினன், அதோட சரி. மற்றது, கீழ வாற எழுத்தை ஒவ்வொரு வரியா வாசிக்கப்படாது, நீங்கள் ஒரு வரி சொல்லி முடிக்க அவையள் மூண்டு வரி கதைச்சிடுவினம், ஆர் என்ன சொல்லுறார் எண்டு சுருக்கமா எங்கட கதையில சொல்லுங்கோ, பகிடி வந்தா நிப்பாட்டிச் சொல்லுங்கோ.

ஆனா கையால கதைக்கிற இடங்களில வாயே திறக்காதேங்கோ. இதை நான் பிழை விட்டுத்தான் பழகினன். முதல் எபிசோட்டில அப்பிடி ஒரு இடம் வர அம்மா "ஏன் சத்தம் நிண்டிட்டுது, போன் பழுதோ" எண்டு கேட்டவ, நான் அவசரப்பட்டு மொழிபெயர்க்கத் தொடங்க, மூலையில இருந்த சித்தப்பா "பொறு பிள்ளை, முகத்தைப் பாக்க விளங்குது" எண்டார். சித்தப்பாவுக்கு 2009 சண்டையில ஷெல் குண்டு விழுந்ததில இருந்து வலது காது கேக்காது, ஆரும் வந்தா இடது பக்கத்தில இருத்தித்தான் கதைப்பார். அண்டைக்கு அவர்தான் எங்களுக்கு முதல் விளங்கிச் சிரிச்சவர். குட்டி அம்மா சுங் ஆவா நடிச்ச ஷின் ஊன் சூ கண்ணாலயும் விரலாலயும் மட்டும் அவ்வளவத்தையும் சொல்லுது, பணக்கார வீட்டுப் பிள்ளை, ஆனா அந்த வீட்டில தனிச்சுப்போன பிள்ளை, அதைப் பாத்திட்டு அம்மா இரவு முழுக்க அதைப் பற்றியே கதைச்சவ.

முதல் இரண்டு எபிசோட் கொஞ்சம் பொறுத்துப் பாக்கோணும், 1995க்குப் போன பிறகுதான் சூடு பிடிக்கும். பேர் ஏன் வாட்டர்மெலன் எண்டு கேட்டா பேண்ட் பேர் வாட்டர்மெலன் சுகர் எண்டு சொல்லுங்கோ, எங்கட அம்மா "அப்ப வத்தகப்பழமோ" எண்டு அடுத்தநாள் ரோட்டில வித்ததில ஒண்டு வாங்கி வெட்டி வச்சவ, அதையும் செய்யலாம், நல்லா இருக்கும்.

எல்லாத்திலயும் பெரிசு இதுதான். எபிசோட் முடிஞ்ச உடன அடுத்ததைத் தட்டாதேங்கோ, "1995ல நீங்கள் என்ன செய்துகொண்டு இருந்தனீங்கள்" எண்டு கேளுங்கோ. எங்கட அம்மாவுக்கு அப்ப 17. சண்டையால யாழ்ப்பாணத்துச் சனம் வெளிக்கிட்ட ஒக்டோபர் 30 இடப்பெயர்வில உரும்பிராயில இருந்து நாவற்குழிப் பாலம் தாண்டி சாவகச்சேரிக்கு நடந்து, பிறகு கிளாலிக் கடலேரியால படகில வன்னிக்கு வந்த கதை எனக்கு முதலே தெரியும். அதுக்கு முந்தின கதைதான் தெரியாது. கரண்ட் இல்லாத காலம், சைக்கிளைத் தலைகீழாக் கவிட்டு வச்சுப் பெடலைக் கையால சுத்தினா டைனமோவில பாட்டுக் கேக்கலாமாம், பெரிய மாமா சுத்த இவவும் பக்கத்து வீட்டுச் சினேகிதியும் திண்ணையில இருந்து கேப்பினமாம், மாமாவின்ர கை களைச்சா கசற்றில பாட்டு இழுபடுமாம், அப்ப சினேகிதி ஓடிப்போய்த் தான் பிடிச்சுச் சுத்துமாம். சொல்லிக்கொண்டு இருந்தவ அந்த இழுபட்ட பாட்டை அதே இழுவையோட பாடத் தொடங்கிட்டா. அம்மா பாடுவா எண்டு எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது.

அப்பிடி ஒரு நேரம் உங்களுக்கும் வந்தா போனைத் தூக்கி ரெக்கோர்ட் பண்ணாதேங்கோ. நான் தூக்கினன், அம்மா உடன நிப்பாட்டிட்டா.