தோழி உன்னிடம் மட்டும் சொல்லியிருந்தால்

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவி பல நேரம் முதலில் வாய் திறப்பது அம்மாவிடம் இல்லை, தோழியிடம். டியூஷன் விட்டு வரும் வழியிலோ, ராத்திரி வாட்ஸ்அப்பிலோ சொல்லிவிடுவாள். அதைக் கேட்கும் தோழிக்காக இதை எழுதுகிறோம். சொல்வது பையனாக இருந்தாலும் எல்லாம் இதேதான். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லாருக்கும் ஒன்றே.

அவள் பேசும்போது குறுக்கே கேட்காதே. "அங்க எதுக்குப் போனே?", "அப்பவே கத்தறதுக்கு என்ன?" என்று நீ அக்கறையில் கேட்டாலும் அவள் காதில் குற்றச்சாட்டாகத்தான் விழும். பயத்தில் உடம்பு விறைத்துக் குரல் எழும்பாமல் போவது சகஜம். "நீ சொல்றத நம்பறேன். இது உன்ற தப்பில்லடி. நான் கூட இருக்கறேன்." இவ்வளவு போதும். நடந்ததைத் தோண்டித் தெரிந்துகொள்வது உன் வேலை இல்லை. டாக்டரிடமும் போலீசிடமும் நீதிபதியிடமும் அவள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டி வரும். கையைப் பிடிப்பதானாலும் கேட்டுவிட்டுப் பிடி.

அடுத்ததில்தான் பல நட்புகள் உடைகின்றன. "ஒருத்தருகிட்டயும் சொல்லமாட்டேன்னு மாரியாத்தா மேல சத்தியம் பண்ணு" என்பாள். பண்ணாதே. காப்பாற்ற முடியாத சத்தியம் அது. "கிளாஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது, அது என்ற பொறுப்பு. ஆனா பெரியவங்க ஒருத்தராச்சும் வேணும். யாருன்னு நீயே சொல்லு, நானும் வர்றேன்" என்று சொல். அது அம்மாவாகவே இருக்கவேண்டியதில்லை. அம்மிச்சி, சித்தி, நம்பிக்கையான டீச்சர், யாராகவும் இருக்கலாம். செய்தவன் சொந்தக்காரன் என்றால் அவன் பக்கத்து ஆட்களிடம் போகாதே. "மானம் போயிரும், பேசாம இரு" என்று ஒருவர் சொன்னால் அடுத்தவரிடம் போ. யாருமே இல்லையென்றால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்குக் கூப்பிடு. எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. பெண்களுக்கான 181ம் உண்டு.

ஒன்றை அவளிடம் மறைக்காமல் சொல்லிவிடு: விஷயம் தெரிந்த பெரியவர்கள் புகார் செய்தே ஆகவேண்டும் என்கிறது போக்சோ 19வது பிரிவு. செய்யாவிட்டால் அவர்களுக்குத் தண்டனை உண்டு. உனக்கு 18 ஆகவில்லை என்றால் அந்தத் தண்டனை உனக்குப் பொருந்தாது. ஆனால் அவள் செத்துப்போவதைப் பற்றிப் பேசினாலோ, கொடுமை இன்னும் நடந்துகொண்டிருந்தாலோ, அவள் சம்மதத்துக்குக் காத்திராதே. அன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல். சொல்லப்போகிறேன் என்று அவளிடம் முதலில் சொல்லிவிடு. கோபத்தில் சில மாதம் பேசாமல்கூட இருப்பாள். இருக்கட்டும்.

நடந்து சில நாள்தான் ஆகிறது என்றால் ஆஸ்பத்திரிதான் முதலில். எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிடவேண்டும். கர்ப்பத் தடுப்பு மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முடிந்தால் பரிசோதனைக்கு முன் குளிக்காமல் இருக்கட்டும். அப்போது போட்டிருந்த துணியைத் துவைக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையிலோ செய்தித்தாளிலோ சுற்றிவை. பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து, தடயம் கெட்டுவிடும். குளித்துவிட்டாள், துவைத்துவிட்டாள் என்றாலும் போகத்தான் வேண்டும்; வைத்தியம் அப்போதும் தேவை.

எஃப்ஐஆர் போட்ட பிறகுதான் பார்ப்போம் என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக்கூடாது. அரசு, தனியார் இரண்டிலும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசம். போலீசுக்குத் தகவல் சொல்வதும் அவர்கள் கடமை. பெண் பிள்ளையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்கவேண்டும், அம்மாவோ அவள் நம்பும் ஒருவரோ கூட இருக்கலாம். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் 'இரண்டு விரல் சோதனை' கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022ல் மறுபடியும் கண்டித்துச் சொல்லியிருக்கிறது. பல பிள்ளைகள் அதற்குப் பயந்தே போகமாட்டார்கள், அதனால் இதை அவளுக்குச் சொல்.

போலீஸ் என்றால் பக்கத்து அனைத்து மகளிர் காவல் நிலையம். அவள் ஸ்டேஷனுக்குப் போயே ஆகவேண்டும் என்பதில்லை. வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்கலாம், வருகிறவர் யூனிஃபார்மில் வரக்கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் ராத்திரியில் ஸ்டேஷனில் வைக்கக்கூடாது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிப்பதற்கும், அவனுக்கே கட்டிவைப்பதற்கும் சட்டத்தில் இடமில்லை.

மிரட்டல் மெசேஜ் வந்திருந்தால் அழிக்காதீர்கள். நம்பரும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வீடியோவோ படமோ இருந்தால் அதை உன் போனுக்கு வாங்காதே, யாருக்கும் அனுப்பாதே. ஆதாரத்துக்காக என்றாலும் 18 வயதுக்கு உட்பட்டவரின் அப்படிப்பட்ட படத்தைப் பகிர்வது குற்றம். போனை அப்படியே போலீசிடம் காட்டுங்கள். வீடியோவை வைத்து மிரட்டிய பொள்ளாச்சி வழக்கு 2019ல் வெளியே வந்தது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. "வீடியோ இருக்கு, வெளிய உட்டுருவோம்" என்ற மிரட்டலுக்குப் பயப்படும் பிள்ளைக்கு இந்தத் தீர்ப்பைச் சொல்.

கிளாஸில் பேச்சு கிளம்பும். செய்தவன் உங்கள் செட்டிலேயே ஒருத்தன் என்றால் பாதிப் பேர் அவன் பக்கம் நிற்பார்கள். அவளுக்காக வாதாடுவதாக நினைத்து நடந்ததை நீ விவரித்துவிடாதே. "அதப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க" என்று எழுந்து போய்விடு. அவள் பெயரோ, ஊரோ, பள்ளியோ வெளியே தெரிகிற மாதிரி ஸ்டேட்டஸ், ஸ்டோரி எதுவும் வேண்டாம். நியாயம் கேட்கிற ஸ்டோரியில்தான் பெரும்பாலும் அடையாளம் கசியும்.

பிறகு வரும் மாதங்கள்தான் நீளமானவை. போன் எடுக்கமாட்டாள், காரணமில்லாமல் எரிந்து விழுவாள், ஒருநாள் ஓயாமல் சிரிப்பாள். சிரிக்கிறாள் என்பதால் அவள் சொன்னது பொய்யாகிவிடாது. விட்டுப்போன நோட்ஸைக் கொடு. பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டை விடாதே. பழைய மாதிரி சினிமாவும் பரீட்சையும் பேசு. எப்போதும் அதைப் பற்றியே விசாரிக்காதே.

அவள் உன்னிடம் சொன்ன தேதியையும், அவள் சொன்ன வார்த்தைகளையும் அன்றைக்கே ஒரு தாளில் எழுதி பத்திரமாக வை. வழக்கில் உன்னைச் சாட்சியாகக் கூப்பிடலாம்; அப்போது கேட்டதை மட்டும் சொல், கூட்டிச் சொல்லாதே. உனக்குத் தூக்கம் போய்ச் சோறு இறங்காமல் இருந்தால், நீயும் 1098க்குப் பேசலாம். அவள் பெயரைச் சொல்லவேண்டியதில்லை.