விண்டோஸ் 10 கணினி: விண்டோஸ் 11 ஏற்றுவதா, அப்படியே விடுவதா?

விண்டோஸ் 10 இற்கு இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தன. அதற்காகக் கணினி அடுத்த நாளே படுத்துவிடவில்லை. வேர்ட் திறக்கும், யூடியூப் ஓடும், பிள்ளையின் சூம் வகுப்பும் நடக்கும். நின்றது ஒன்றுதான்: புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை மாதாமாதம் அடைக்கும் வேலை.

ஆகவே முதலில் பார்க்கவேண்டியது, அந்தக் கணினியில் என்ன நடக்கிறது என்பதை. வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், வெளிநாட்டுப் பணப் பரிமாற்றம் எல்லாம் அதில் நடந்தால் திருத்தம் இல்லாமல் விடக்கூடாது. இணையமே இணைக்காமல் சாதகம் கணிக்கவும், கல்யாண அழைப்பிதழ் தட்டச்சவும் மட்டும் பாவிக்கிற கணினி என்றால் கையை வைக்காதீர்கள். அதற்குப் பென் ட்ரைவ் வழியாக வரும் வைரஸ்தான் எதிரி, பழைய விண்டோஸ் அல்ல.

உள்ளே என்ன இருக்கிறது

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் என்று போனால் புரொசெசரின் பெயர் தெரியும். இன்டெல் என்றால் ஐ3, ஐ5, ஐ7 இற்குப் பின்னால் வரும் இலக்கத்தைப் பாருங்கள். நான்கு இலக்கமாக இருந்தால் பெரும்பாலும் முதல் இலக்கம் தலைமுறை: ஐ5-6500 ஆறாம் தலைமுறை, ஐ3-8100 எட்டாம் தலைமுறை. ஐ5-1135ஜி7 போல 1 இல் தொடங்கும் நான்கு இலக்கத்தில் மட்டும் முதல் இரண்டும் சேர்ந்தே தலைமுறை. ஐ5-10400 போல ஐந்து இலக்கம் வந்தால் முதல் இரண்டும் சேர்ந்து பத்து. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். ஏஎம்டி ரைசனில் 3000 வரிசையிலிருந்து பயப்படத் தேவையில்லை. 2000 வரிசையில் எல்லாம் சேராது. மடிக்கணினிகளில் வந்த 2500யூ வெளியே நிற்கிறது.

யாழ்ப்பாணத்துக் கடைகளில் அலுவலகப் பாவனைக்குப் பின் இறக்குமதியாகி விற்கப்படும் கணினிகளில் இது முக்கியம். டெல் ஒப்டிபிளெக்ஸ் 7040, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி2 இரண்டும் ஆறாம் தலைமுறை. ஒப்டிபிளெக்ஸ் 7060, எலைட்டெஸ்க் 800 ஜி4 என்றால் எட்டாம் தலைமுறை. வெளித் தோற்றத்தில் பெரிய வித்தியாசம் இராது. வாங்கப் போகிறவர் "எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம்" என்று சொல்லிவிட்டே விலை கேட்கலாம்.

அடுத்தது டிபிஎம் எனும் பாதுகாப்புச் சில்லு. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, டிவைஸ் செக்யூரிட்டிக்குள் செக்யூரிட்டி புரொசெசர் விபரத்தில் 2.0 என்று இருக்கவேண்டும். அந்தப் பகுதியே தெரியாவிட்டால் சில்லு இல்லை என்று முடிவெடுக்கவேண்டாம். பெரும்பாலும் பயொஸில் (விண்டோஸுக்கு முன்னரே எழும்பும் கணினியின் அடிப்படை மென்பொருள்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் பலகைகளில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். பயொஸில் எதையும் மாற்ற முன்னர் ஹாட் டிஸ்க் பிட்லொக்கர் என்ற விண்டோஸின் பூட்டால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் மாற்றிய கையோடு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். முதலில் பிட்லொக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, சாவியைத் தாளில் எழுதிய பிறகு பயொஸுக்குள் போங்கள்.

சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பயொஸ் மோட் என்ற வரி யூஈஎஃப்ஐ என்று இருந்தால் நல்லது, விண்டோஸ் 11 கேட்பது அதைத்தான். லெகசி என்று இருந்தால் டிஸ்க் பெரும்பாலும் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். பயொஸில் மட்டும் யூஈஎஃப்ஐக்கு மாற்றினால் விண்டோஸ் எழும்பாது. விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால் டிஸ்கை முதலில் மாற்றி, பிறகு பயொஸை மாற்றவேண்டும். பலர் இந்த ஒழுங்கைத் தலைகீழாகச் செய்து, கணினி பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிப்போகிறார்கள்.

தகுதிப் பட்டியலில் தேறுவது வேறு, பாவிக்கக்கூடியதாக இருப்பது வேறு. செலரொன் என்4020, 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு உள்ள மலிவு மடிக்கணினி கடதாசியில் தேறும். நடைமுறையில் டிஸ்க் நிரம்பி, ஒவ்வொரு மேம்படுத்தலுக்கும் இடம் தேடித் தவிக்கும்.

மெதுவாக ஓடுவதுதான் குறை என்றால்

அது பணிசெயல் முறைமையின் குற்றம் அல்ல. டாஸ்க் மனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால், சுழலும் ஹாட் டிஸ்க்தான் காரணம். சுழலும் பாகமே இல்லாத 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, உள்ளதை அப்படியே குளோன் பண்ணினால் பத்து வருடத்துக் கணினியும் ஆள் மாறிவிடும். ராமை 8 ஜிபி ஆக்குங்கள். டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டின் வெட்டும் வேறிடத்தில் இருக்கும், ஒன்றின் இடத்தில் மற்றது ஏறாது. மடிக்கணினியில் டிடிஆர்3எல் என்று இருந்தால் 1.35 வோல்ட் வகையையே கேட்டு வாங்குங்கள். இதைச் செய்யாமல் பழைய ஹாட் டிஸ்கில் விண்டோஸ் 11 ஏற்றுவது, பஞ்சரான சைக்கிளுக்குப் புதுப் பெயின்ற் அடிப்பது போல.

பாமினி, பிரிண்டர், பழைய மென்பொருள்

இங்கே பலருக்கு அடி விழுவது இந்த இடத்தில். பாமினி யூனிகோட் எழுத்துரு அல்ல. அதில் தட்டச்சிய கோப்பு உண்மையில் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. போர்மட் பண்ணிப் புதிதாக விண்டோஸ் போட்டால் எழுத்துரு போய்விடும், இருபது வருடத்துக் கடிதங்கள் எல்லாம் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். கோப்பு பழுதாகவில்லை. பாமினியை மறுபடி நிறுவினால் சரி. ஆனால் எழுத்துருக் கோப்பு கையில் இருக்கவேண்டும். செட்டிங்ஸில் பேர்சனலைசேஷன், ஃபொன்ட்ஸ் என்று போய்ப் பாமினியைத் தெரிவுசெய்தால் அது எந்தக் கோப்புறையில் கிடக்கிறது என்று காட்டும். சில வேளை விண்டோஸ் கோப்புறைக்குள் இராமல் பாவனையாளர் கணக்குக்குள் இருக்கும். அங்கிருந்து பென் ட்ரைவில் பிரதி எடுங்கள்.

லதா எழுத்துருவும் இப்படித்தான். விண்டோஸ் 7 இல் தானாக இருந்தது, பிறகு துணை எழுத்துருவாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ் பட்டியலில் தமிழ் துணை எழுத்துருக்களைச் சேர்த்தால் வந்துவிடும்.

விண்டோஸ் 11 இல் 32 பிட் பதிப்பு இல்லை. 32 பிட் மென்பொருள்கள் ஓடும், 32 பிட் டிரைவர்கள் ஓடா. பழைய லேசர் பிரிண்டருக்கும் ஸ்கேனருக்கும் 64 பிட் டிரைவர் தயாரிப்பாளரின் தளத்தில் இருக்கிறதா என்று முதலே பார்த்து இறக்கி வையுங்கள். 16 பிட் காலத்துச் சாதக மென்பொருள், கணக்கு மென்பொருள் என்றால் அது நிச்சயம் ஓடாது. யூஎஸ்பி டொங்கிள் (சாவிபோலச் செருகும் சிறு கருவி) கேட்கும் மென்பொருளுக்கு டொங்கிளின் டிரைவரும் வேண்டும்.

எந்த வழி

எட்டாம் தலைமுறை, 8 ஜிபி, எஸ்எஸ்டி: விண்டோஸ் 11 இற்குப் போங்கள், தயங்க எதுவும் இல்லை. முறையாக அக்டிவேட் ஆன விண்டோஸ் 10 இலிருந்து போவது இலவசம். அக்டிவேஷன் பக்கத்தில் டிஜிற்றல் லைசென்ஸ் என்று இருந்தால் உங்களுடையது பெரும்பாலும் முறையானது. வீட்டுக் கணினியில் "நிறுவனத்தின் அக்டிவேஷன் சேவை" என்று காட்டினால் யாரோ கள்ளச் சாவி போட்டிருக்கிறார்கள். கள்ளச் சாவி போடும் கருவி வேலைசெய்ய அன்ரிவைரஸை அணைக்கச் சொல்லியிருக்கும், அதுதான் உண்மையான ஆபத்து. விண்டோஸ் 10 உடன் பிறந்த பிராண்ட் கணினிகளின் சாவி பெரும்பாலும் பயொஸுக்குள்ளேயே இருக்கும். ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ என்று அதே பதிப்பைச் சுத்தமாகப் போட்டால் தானாக அக்டிவேட் ஆகும்.

ஆறாம், ஏழாம் தலைமுறை: விண்டோஸ் 10 இன் நீடித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேரலாம். அது 2026 ஒக்டோபர் 13 வரை. கணினியில் 22எச்2 பதிப்பு இருக்கவேண்டும், மைக்ரோசொஃப்ட் கணக்கால் நுழையவேண்டும். அமைப்புகளை மேகத்தில் பிரதி எடுக்கச் சம்மதித்தால் காசில்லை, இல்லாவிட்டால் ஒருமுறை 30 அமெரிக்க டொலர். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் இணைப்பு இருக்கும். டிஃபெண்டரின் வைரஸ் அறிவித்தல்களும் எட்ஜ் உலாவியும் விண்டோஸ் 10 இல் 2028 ஒக்டோபர் வரை புதுப்பிக்கப்படும் என்பது ஒரு ஆறுதல். ஆனால் அவை விண்டோஸின் சொந்த ஓட்டைகளை அடைக்காது.

அதன் பிறகும் அந்தக் கணினியை வைத்திருக்க விரும்பினால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவசப் பணிசெயல் முறைமையான லினக்ஸ் மின்ட். 22 ஆம் பதிப்புத் தொடருக்கு 2029 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. 4 ஜிபி ராமுக்கு அதன் இலேசான எக்ஸ்எஃப்சிஈ பதிப்பை எடுங்கள். 8 ஜிபி பென் ட்ரைவிலிருந்து நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சத்தம், பிரிண்டர் மூன்றையும் அப்படியே சோதியுங்கள். ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவினால் தமிழ்99 உம் ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கும். பாமினி எழுத்துருவும் போடலாம். சாதக மென்பொருள் மட்டும் பெரும்பாலும் ஓடாது.

ரூஃபஸ் கருவியால் தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுத் தருபவர்களும் இருக்கிறார்கள். வேலை செய்யும். ஆனால் ஆண்டுதோறும் வரும் பெரிய மேம்படுத்தல் தானாக வராது, கையால் ஏற்றவேண்டும். ஹோம் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஆதரவு 24 மாதம்தான். வருடத்துக்கு ஒருமுறை மினக்கெட ஆள் வீட்டில் இல்லாவிட்டால் வேண்டாம்.

ஏற்றுகிற நாள்

காணி உறுதி ஸ்கேன், பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் படங்கள், வேலைக் கோப்புகள் எல்லாம் வெளி ஹாட் டிஸ்கில் இருக்கவேண்டும். பிரதி எடுத்தால் போதாது. வேறொரு கணினியில் பத்துக் கோப்பையாவது திறந்து பாருங்கள். டெஸ்க்டொப்பில் கிடப்பவற்றை மறக்கிறவர்கள்தான் அதிகம்.

விண்டோஸ் 11 இன் நிறுவல் கோப்பு 5 ஜிபிக்கு மேல் வரும். மொபைல் டேட்டாவில் இறக்கினால் பகல் பொதி கரைந்துவிடும், இரவு நேர டேட்டா உள்ள பொதியில் இறக்குங்கள். சி டிரைவில் 25 ஜிபியாவது வெறுமையாக இருக்கட்டும். வேறு நிறுவன அன்ரிவைரஸை அகற்றி, பிரிண்டர், வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பாதியில் பிழை காட்டிப் பழைய விண்டோஸுக்கே திரும்புவதற்கு இவைதான் வழமையான காரணங்கள். மேசைக் கணினிக்கு யூபிஎஸ் இல்லாமல் தொடங்கவேண்டாம். நடுவில் கரண்ட் போனால் விண்டோஸ் பெரும்பாலும் தன்னைத் திருத்திக்கொள்ளும். பயொஸ் மேம்படுத்தலின்போது போனால் மதர்போர்டே போய்விடலாம். பிள்ளைக்குப் பரீட்சையோ செயற்றிட்ட ஒப்படைப்போ இருக்கிற கிழமையில் தொடாதீர்கள்.

கடையில் கொடுத்துச் செய்விப்பதென்றால் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: எந்த மின்னஞ்சலில் கணக்குத் திறந்தீர்கள்? 24எச்2 இலிருந்து புதிதாகப் போடும் விண்டோஸ் 11, மைக்ரோசொஃப்ட் கணக்கால் நுழைந்தவுடன் டிஸ்கைத் தானாகவே பூட்டக்கூடும். மீட்புச் சாவி அந்தக் கணக்குக்குத்தான் போகும். கடைக்காரர் அவசரத்தில் தன் மின்னஞ்சலையோ கடவுச்சொல் மறந்துபோகும் புது மின்னஞ்சலையோ போட்டிருந்தால், பின்னொரு நாள் சாவி கேட்கும்போது உங்கள் படங்களை யாராலும் எடுக்க முடியாது. உங்கள் சொந்த மின்னஞ்சலில் செய்விக்கவும். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே கணக்கின் இணையப் பக்கத்துக்குள் போய் 48 இலக்கத்தையும் எழுதி, உறுதி வைத்திருக்கும் அலுமாரியில் வையுங்கள்.

போர்மட் பண்ணாமல் மேலேற்றியிருந்தால், முதல் பத்து நாளுக்குள் செட்டிங்ஸின் ரிக்கவரி பக்கத்திலிருந்து பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். அந்தப் பத்து நாளில் பிரிண்டரில் ஒரு தாள் அடியுங்கள், ஸ்கேன் ஒன்று எடுங்கள், பாமினிக் கோப்பு ஒன்றைத் திறவுங்கள், வெளிநாட்டில் இருக்கிற உறவினரோடு வீடியோவில் கதைத்துப் பாருங்கள். இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் கோப்புறையை அழித்தால் திரும்பும் வழி அன்றோடு மூடிவிடும்.