இசி ஷெட்டில் கன்ட்ரோலர் செட் செய்வது: முதலில் சென்சாரைப் பாருங்கள்

இசி ஷெட் என்றால் உள்ளே சூட்டையும் காற்றையும் நாமே கட்டுப்படுத்தும் மூடிய கோழி ஷெட். அதில் சென்சார் காட்டுவதைப் பார்த்து ஃபேன்களையும் பம்பையும் ஓட்டும் பெட்டிதான் கன்ட்ரோலர். அது வந்து இறங்கியதும் திரையில் நம்பர் போடத்தான் கை பரபரக்கும். பல்லடத்தில் எங்கள் முதல் பேட்சில் நானும் அப்படித்தான் தொடங்கினேன். திரையில் 32 டிகிரி காட்டுகிறது. குஞ்சுகளோ சூடு தரும் புரூடருக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்துகின்றன. மண்டியிட்டு, தரையில் பரப்பிய மஞ்சியின் மேல் தெர்மாமீட்டரை வைத்தேன், 28தான் இருந்தது. சென்சார் என் நெஞ்சு உயரத்தில் தொங்கியது. சூடு மேலே ஏறிவிடும், குஞ்சு இருப்பது தரையில்.

அதனால் முதல் வேலை சென்சார். அதன் முனை கோழியின் முதுகு உயரத்தில் இருக்கட்டும், கோழி வளர வளர உயர்த்துங்கள். புரூடர், கூலிங் பேட் (தண்ணீர் ஓடி, வரும் காற்றைக் குளிரவைக்கும் அட்டை), சுவர் மூன்றையும் விட்டுத் தள்ளியே தொங்கவிடுங்கள். பொருத்தும் முன் ஒரு சோதனை: நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, வெப்பநிலை சென்சாரின் முனையை ஐந்து நிமிடம் வைத்தால் 0 காட்ட வேண்டும். மாறினால் அந்த வித்தியாசத்தை கன்ட்ரோலரில் திருத்திக்கொள்ளலாம். ஈரப்பத சென்சாரை மட்டும் நனைத்துவிடாதீர்கள்.

அடுத்தது வயரிங். ஃபேன் மோட்டாரை கன்ட்ரோலரில் நேராக இணைத்தால் உள்ளே இருக்கும் ரிலே என்ற சின்ன சுவிட்ச் கருகிவிடும். நடுவில் மோட்டார் கரண்டைத் தாங்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டரும், லோடு கூடினால் மோட்டாரை நிறுத்த ஒரு ஓவர்லோடு ரிலேயும் வேண்டும். இதை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் விட்டுவிடுங்கள்.

சரி, இப்போது நம்பர். முதல் நாள் 32-33 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். அன்றைக்கு வைத்த டிகிரியைத் தாண்டி ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் ஒரு ஃபேன் கூடுதலாக ஓடும்படி வையுங்கள். குஞ்சுகள் பரவலாகப் படுத்திருந்தால் செட்டிங் சரி. புரூடரை விட்டு விலகி ஓடினால் சூடு அதிகம், எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எங்கோ காற்று கசிகிறது.

குளிராக இருந்தாலும் காற்று மாறியே ஆக வேண்டும். டைமரை ஐந்து நிமிடச் சுற்றாக வைத்து, அதில் ஒரு நிமிடம் ஒரு ஃபேன் ஓடட்டும். குனிந்து முகர்ந்து பாருங்கள். அமோனியா கண்ணைக் கரித்தால் நேரத்தைக் கூட்டுங்கள்.

கூலிங் பேட் கடைசியில்தான். எல்லா ஃபேனும் ஓடியும் 29 டிகிரியைத் தாண்டினால் கன்ட்ரோலர் பேடுக்குத் தண்ணீர் விடும் பம்பைப் போடட்டும். ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் போனால் பம்ப் நிற்க வேண்டும். ஐப்பசி மழையில் பேட் ஓடினால் தண்ணீர் ஆவியாகாது, ஷெட்தான் புழுங்கும், கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும்.

குஞ்சு இறக்கும் முன் அலாரம். மூடிய ஷெட்டில் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கவில்லை என்றால், வளர்ந்த கோழி சில நிமிடங்களிலேயே திணற ஆரம்பிக்கும். கன்ட்ரோலரை நம்பாமல், பேட்டரியில் தனியாக ஓடும் சைரன் ஒன்று வேண்டும். மெயினை நீங்களே ஆஃப் செய்து, நீங்கள் படுக்கும் அறைக்குச் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். வாரம் ஒருமுறை, ராத்திரியில்.