நீண்ட ஓட்டத்துக்கு எதைச் சாப்பிடுவது, எதைக் குடிப்பது

ஓடும்போது சாப்பிட எனர்ஜி ஜெல்லா, எனர்ஜி பாரா, தண்ணீரில் கரைக்கும் பவுடரா என்று பார்ப்பதற்கு முன் எவ்வளவு நேரம் ஓடப்போகிறீர்கள் என்று பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டத்துக்குத் தண்ணீர் போதும். தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் (உடல் சேமித்துவைக்கும் சர்க்கரை) நல்ல வேகத்தில் ஒன்றரை மணி நேரம்போலத் தாங்கும். அது தீரும்வரை காத்திருந்தால் கால் கனத்துவிடும், பிறகு எதைச் சாப்பிட்டாலும் மீள்வது கடினம். அதனால் ஹாஃப் மாரத்தானுக்கு (சுமார் 21 கி.மீ.) 30-40 நிமிடத்திலேயே ஆரம்பித்து மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து (சர்க்கரையும் இதில் சேர்த்தி) உள்ளே போக வேண்டும். முழு மாரத்தானில் 90 கிராம் வரை போகலாம், ஆனால் வயிறு அதற்குப் பழகியிருக்க வேண்டும்.

குடல் ஒரு மணி நேரத்தில் குளுக்கோஸை மட்டும் உறிஞ்சினால் சுமார் 60 கிராமோடு நின்றுவிடும். ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரைக்கு வழி தனி. இரண்டும் கலந்திருந்தால்தான் 60-ஐத் தாண்ட முடியும். சாதாரண வெள்ளைச் சர்க்கரையில் இரண்டும் பாதிக்குப் பாதி இருப்பதால் வீட்டிலேயே நல்ல பானம் தயாரிக்கலாம்:

தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை 60 கிராம் (தலைதட்டிய 5 மேசைக்கரண்டி), உப்பு கால் தேக்கரண்டி, ஒரு எலுமிச்சம்பழச் சாறு.

அரை லிட்டர் குடித்தால் 30 கிராம் மாவுச்சத்தும் சுமார் 300 மில்லிகிராம் சோடியமும் கிடைக்கும். ருசிக்காகச் சர்க்கரையை இரட்டிப்பாக்க வேண்டாம். சர்க்கரை 6-8 சதவீதத்தை (100 மி.லி.க்கு 6-8 கிராம்) தாண்டினால் பானம் வயிற்றிலேயே தங்கிக் குலுங்கும், சிலருக்குப் பிடித்து இழுக்கும். எனர்ஜி டிரிங்க் டின்களில் 100 மி.லி.க்குச் சுமார் 11 கிராம் சர்க்கரை, அதோடு கேஸ் வேறு. ஓடும்போது அதைத் தொடாமலிருப்பதே நல்லது.

ஜெல் பாக்கெட் ஒன்றில் பெரும்பாலும் 20-25 கிராம் இருக்கும். ஒவ்வொன்றோடும் 150-200 மி.லி. வெறும் தண்ணீர் குடியுங்கள். ஜெல்லைச் சர்க்கரைப் பானத்தோடு விழுங்குவது பந்தய நாளில் வாந்திக்குக் காரணமாகலாம். ஜெல்லுக்குப் பதில் நடுத்தர வாழைப்பழம் ஒன்று (சுமார் 25 கிராம்) அல்லது சிறிய பேரீச்சை நான்கு எடுக்கலாம், கொட்டையை முந்தின இரவே நீக்கிவிடுங்கள். ஜெல்லின் உண்மையான லாபம் இடுப்புப் பட்டையில் நசுங்காமல் இருப்பதுதான், சக்தியில் பெரிய வித்தியாசம் இல்லை. கடலை மிட்டாயில் கொழுப்பு அதிகம், செரிக்க நேரமாகும். அது ஓடி முடித்த பிறகு.

இளநீர் ஓடி வந்து குடிக்க அருமை. ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், வியர்வையில் அதிகம் போவது சோடியம். ஓஆர்எஸ் பாக்கெட் இதற்கு நேர்மாறு: உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், சோடியமோ 1.7 கிராம் அளவு. உப்புக்கு உதவும், சக்திக்கு அதை நம்ப முடியாது. எந்த பாக்கெட்டானாலும் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் 100 மி.லி.க்கு எத்தனை கிராம் சர்க்கரை, எத்தனை மில்லிகிராம் சோடியம் என்று படியுங்கள்.

எவ்வளவு தண்ணீர் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சென்னைக் கடற்கரை ஈரப்பதத்தில் ஒருநாள் இப்படி அளந்து பாருங்கள்: ஓடும் முன் எடை 68 கிலோ, ஒரு மணி நேரம் கழித்து வியர்வையைத் துடைத்துவிட்டு 67 கிலோ, நடுவில் குடித்தது 300 மி.லி. என்றால் வியர்வை மணிக்கு 1.3 லிட்டர். அத்தனையையும் ஈடுகட்ட வேண்டியதில்லை, எடை 2 சதவீதத்துக்குமேல் பெரிதாகக் குறையாமல் இருந்தால் சரி. எடை கூடியிருந்தால் ஆபத்து. வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்து ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனால் தலைவலி, குமட்டல், விரல் வீக்கம் வரும், முற்றினால் வலிப்பே வரலாம். அந்த நிலையில் இன்னும் தண்ணீர் கொடுக்காமல் உடனே மருத்துவக் குழுவிடம் அழைத்துப்போக வேண்டும்.

விடியற்காலை ஓட்டத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே மூன்று நான்கு இட்லி, சர்க்கரை தொட்டு. சாம்பார், நெய்ப்பொங்கல், சுண்டல் எல்லாம் அன்று வேண்டாம்: நாரும் கொழுப்பும் ஏழாவது கிலோமீட்டரில் கழிப்பறையைத் தேட வைக்கும். பழக்கம் இருந்தால் ஒரு டம்ளர் காபி, அதுவும் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே. வயிற்றைக் காலிசெய்யவும் அது உதவும்!

தேர்ந்தெடுத்ததைப் பந்தயத்துக்கு முன் குறைந்தது நான்கைந்து லாங் ரன்களில், அதே வேகத்தில், அதே நேர இடைவெளியில் சாப்பிட்டுப் பழகுங்கள். வழியில் எந்த பிராண்ட் பானம் தருகிறார்கள் என்று ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே கேட்டு, அதையும் ஒருமுறை குடித்துப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் உங்கள் பாட்டிலையே எடுத்துப்போங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இந்த அளவுகளை மருத்துவரிடம் காட்டிவிட்டே தொடங்க வேண்டும்.